இந்தச் சுவர் எங்கே நிற்கப்போகிறது?

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவள், முகம் பார்த்ததில்லை. குரலிலேயே எரிச்சல் தெரிந்தது.

“மேடம், எந்த வேலை வந்தாலும் மொதல்ல கஸ்டமர்கிட்ட ஒரு கேள்வி கேக்கணுமாம். ‘இந்தச் சுவர் எங்கே நிற்கப்போகிறது?’ன்னு. பதில் வர்ற வரைக்கும் ஃபைலைத் தொறக்கவே கூடாதாம். மெஷினு ரெண்டு நிமிஷத்துல மொத்தத்தையும் இங்கிலீஷ் பண்ணிக் குடுத்துடுது. இந்த ஒரு கேள்விக்குப் பதில் வாங்கறதுக்குள்ள பேஜாராப் பூடுது. நீங்கதான் இந்த ரூலைப் போட்டீங்கன்னு சொல்றாங்க. எதுக்கு மேடம் இது?”

எனக்கு முன்கோபம் அதிகம். வீட்டிலும் அந்தப் பெயர் உண்டு, ஆபீசிலும் உண்டு. வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, “நான் போடலம்மா. போட்டவங்க இப்ப இந்த நாட்டுலயே இல்ல. எழுதி அனுப்பறேன், படி” என்றேன். எழுத உட்கார்ந்தால் அது அவள் கேட்ட கேள்வியோடு நிற்கவில்லை.

எங்கள் வேலை என்னவென்று சொன்னால் சொந்தக்காரர்களே நம்பமாட்டார்கள். சிறுசேரியில் ஒரு கண்ணாடிக் கட்டிடத்தின் நான்காவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, மரச்சுவர்களைப் பற்றி நார்வேக்காரர்கள் தங்கள் மொழியில் எழுதியதை ஆங்கிலத்தில் எழுதுவது. அந்த நாட்டில் வீடு என்றால் பெரும்பாலும் மரம்தான். வெளியே ஒரு பலகை வரிசை, உள்ளே ஒரு பலகை வரிசை, நடுவில் மரச்சட்டங்கள், குளிர் தாங்கப் பஞ்சு, காற்றுக்கு ஒரு தாள், ஈரத்துக்கு ஒரு தாள் என்று சுவர் அடுக்கடுக்காகப் போகும். ஒவ்வொரு அடுக்குக்கும் பெயர், பலகையின் ஒவ்வொரு விளிம்புக்கும் பெயர். அந்தச் சுவரைப் பெட்டியில் கட்டி வேறு நாடுகளுக்கும் விற்கிறார்கள். வாங்குகிறவன் அதற்காக நார்வே மொழி படிக்க மாட்டான் இல்லையா, அதனால் எங்களுக்குச் சம்பளம் கிடைத்தது.

நான் செங்கல்பட்டுக்காரி. ஐ.டி.ஐ.யில் கட்டிடப் படம் வரையப் படித்துவிட்டு, எங்கள் ஊர் இன்ஜினியர் ஒருவரிடம் வருடக்கணக்கில் வீட்டுப் பிளான் போட்டவள். அவர் கடையைக் கட்டிய பிறகு சிறுசேரிக்குப் படம் வரையத்தான் போனேன். சுவரைப் பற்றித் தெரிந்தவர்களுக்கே மொழியையும் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று அங்கே யாருக்கோ தோன்றியிருக்கிறது. நாற்பது வயதுக்கு மேல், கம்பெனி பஸ் திருப்போரூர் தாண்டுவதற்குள் தூங்கி விழுந்தபடி, வாயில் நுழையாத சொற்களை முணுமுணுத்துக்கொண்டு போவேன். “செங்கல்பட்டுல எவன் மரத்துல செவுரு கட்றான்? உனக்கு எதுக்கு இந்த வேல?” என்று என் கணவர் கேட்காத நாள் கிடையாது. இரண்டு வருடத்தில் படிக்க வந்தது. பேச இன்றுவரை வரவில்லை.

சொல்லிக்கொடுத்தவர் சிவகௌரி மேடம். எங்கள் பிரிவுக்குத் தலைவர், ஆனால் என்னைவிட வயதில் சின்னவர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, சண்டைக் காலத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, இளம் வயதில் நார்வே போய்ச் சேர்ந்தவர். அங்கே முதலில் மீன் தொழிற்சாலையில் நின்றார். பிறகு கட்டிடச் சாமான் விற்கும் பெரிய கடையொன்றில் பல காலம் பலகை விற்றார். கேளம்பாக்கத்தில் தனியாக இருந்த தாயாரைக் கடைசிக் காலத்தில் பார்த்துக்கொள்ள இங்கே வந்தவரை எங்கள் கம்பெனி பிடித்துப்போட்டது.

அவர் யாரையும் திட்டியதில்லை. யாரையும் பாராட்டியதும் இல்லை. முதல் மாதத்தில் எனக்கு அது பெரிய ஆத்திரம். வியர்க்க விறுவிறுக்க ஒரு பக்கத்தை முடித்துக் கொண்டுபோனால், நல்லது என்றோ கெட்டது என்றோ ஒரு சொல் வராது. மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்பார்.

“எந்தப் பலகை முதல் தொடும்?”

ஒருமுறை ‘தெம்மர்மன்ஸ்கிளேட்னிங்’ என்று ஒரு சொல் வந்தது. அகராதியில் தேடி, பொருத்தமாகத் தோன்றிய ஓர் ஆங்கிலச் சொல்லை எழுதிக்கொண்டு போனேன். அவர் காகிதத்தைப் பார்க்கவேயில்லை.

“பரிமளா அக்கா, சுவரை எந்தப் பலகை முதல் தொடும்? எது அதுக்கு மேலை வரும்?”

“அது தெரியல மேடம். சொல்லு சரிதானே?”

“அது தெரியாமல் எழுதின சொல் சரியாய் இருந்தாலும் தற்செயல்தான்.”

மேசை மேலிருந்த ஸ்கேல்களையெல்லாம் எடுத்தார். நாலைந்தை இடைவெளி விட்டு நெட்டுக்குத்தாக அடுக்கினார். ஒவ்வொரு இடைவெளியையும் மூடுகிற மாதிரி இன்னொரு ஸ்கேலை மேலே வைத்தார். அடிப் பலகை, மேல் பலகை. மேல் பலகைக்கு அடிக்கிற ஆணி அடிப் பலகையைத் துளைக்கக்கூடாது என்றார். மழையில் மரம் ஊதும், வெயிலில் சுருங்கும். இரண்டையும் சேர்த்து ஆணியடித்துவிட்டால் நகர இடமில்லாமல் பலகை வெடித்துவிடும். அந்த ஒரு சொல்லுக்குள் இவ்வளவும் இருந்தது. அதன் பிறகு ஆங்கிலத்தில் அதை எழுத எனக்கு அகராதி தேவைப்படவில்லை.

எழுதியது சரியா என்று பார்க்க அவர் இரண்டு வழி வைத்திருந்தார். முதலாவது, வாய்விட்டு வாசிப்பது. அவர் நார்வே மொழியில் ஒரு வரியை வாசிப்பார், எதிரே உட்கார்ந்து நாம் ஆங்கிலத்தில் அதே வரியை வாசிக்க வேண்டும். சரியாக இருந்தால் “அடுத்த வரி” என்பார். பிழை இருந்தால் “ஒருக்காத் திரும்ப வாசியுங்கோ” என்பார். பிழை எங்கே என்று சொல்ல மாட்டார். நாமே வாசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். “ஒருக்காத் திரும்ப” என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் விரல் வரியின் முதல் சொல்லுக்கு ஓடும்.

இரண்டாவது வழி யூசுப் பாய். புதுப்பட்டினத்தில் தச்சுப் பட்டறை வைத்திருப்பவர், அணுபுரம் குடியிருப்பில் கதவு, அலமாரி என்று வேலை செய்து பெயர் வாங்கியவர். எங்கள் ஆபீசுக்கு மரத் தடுப்பு அடிக்க வந்தபோது அவருடைய நேர்த்தியைப் பார்த்துவிட்டு, மேடம் அவரை வேறொரு வேலைக்கு அழைத்தார். நார்வே மொழி தெரியாத ஒரு படம் வரைபவர் எங்கள் ஆங்கிலத்தை மட்டும் பார்த்துத் தமிழில் சொல்லச்சொல்ல, பாய் ஆளுயரத்துக்கு ஒரு மாதிரிச் சுவர் கட்டுவார். எழுதியவர் பக்கத்தில் நின்று பார்க்கலாம், வாயைத் திறக்கக்கூடாது. எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை உலகத்தில் கிடையாது.

முதல் மாதிரி அரைச்சுவர்ப் பலகை. இடுப்பளவுக்குப் பலகை அடித்து, அதன் தலையில் ஒரு பட்டி வைப்பது. பாய் அந்தப் பட்டியைத் தலைகீழாக வைத்து அடித்துவிட்டார். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். முடிந்ததும், “இன்னா பாய், சரிவு மேல வரணும்ல? இதுகூடத் தெரியாதா?” என்று பாய்ந்துவிட்டேன். பாய் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

மேடம் என் பக்கத்தை எடுத்து வாசித்தார். எந்த முகம் மேலே வரும் என்று நான் எழுதவேயில்லை.

“பாய் பிழையில்லை. அவர் எழுதினபடி கட்டியிருக்கிறார்” என்று மட்டும் சொன்னார். இதை அவர் எல்லோர் முன்னாலும் சொன்னதில் எனக்கு அன்றைக்கு முகம் தொங்கிப்போனது. பிறகு அதே வாக்கியம் வேறொரு இடத்தில் தேவைப்பட்டது.

இன்னொரு கண்டிப்பும் அவரிடம் இருந்தது. எழுதியவர் சொல்லாத எதையும் நாங்கள் சேர்க்கக்கூடாது. விளக்கம் கூடாது, அறிவுரை கூடாது. “இது எங்கட வீடில்லை அக்கா. மற்றவையின்ர வீட்டுக்குள்ளை போய்க் கதிரையை மாத்தி வைக்கிற உரிமை எங்களுக்கில்லை” என்பார். கதிரை என்றால் அவர் ஊரில் நாற்காலி. அவர் சொன்னது சரி என்றுதான் நானும் நினைத்தேன். இப்போதும் முக்கால்வாசி அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்த ஆபீசில் குளிரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெஷின்களுக்காக ஏசியை அப்படி வைத்திருப்பார்கள். சித்திரை வெயிலில் நாங்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நார்வே வீடுகளைப் பற்றி எழுதிக்கொண்டிருப்போம். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கட்டிடத்தின் கண்ணாடியெல்லாம் வெளிப்பக்கம் நனைந்து வழிந்துகொண்டிருக்கும். செக்யூரிட்டி பழைய பேப்பரைச் சுருட்டி வாசல் கண்ணாடியைத் துடைப்பார். அவர் துடைத்துவிட்டு நகர்வதற்குள் அது மறுபடி நனைந்துவிடும். தினமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் உள்ளே போனோம்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலைப் பார்த்தபடி ஒரு தங்கும் விடுதி கட்டினார்கள். அதன் முதலாளிகள் நார்வே மரச்சுவர்களைப் பெட்டி பெட்டியாக வரவழைத்தார்கள். கையேட்டை ஆங்கிலத்தில் எழுதுகிற வேலை எங்களுக்கு வந்தது. சுவரைக் கோக்க நல்ல தச்சர் வேண்டும் என்று கேட்டபோது, எங்கள் ஆபீஸ்தான் யூசுப் பாயின் பெயரைச் சொன்னது. அந்தக் கடற்கரைச் சாலையில் அவ்வளவு பெரிய வேலை அவருக்கு அதுதான் முதல். தம்பிகள், மச்சான்கள் என்று சொந்தத்துக்குள்ளேயே ஆள் சேர்த்துக்கொண்டு இறங்கினார்.

கையேட்டில் ‘டாம்ப்ஸ்பெர்ரே’ என்று ஒரு பகுதி. ஈரம் தடுக்கும் பிளாஸ்டிக் தாள். வீட்டுக்குள் சமைக்கிற, குளிக்கிற ஆவி சுவருக்குள் போய்த் தங்கினால் மரம் அழுகும். அதனால் அறைப் பக்கம், உள்பலகைக்கு நேர் பின்னால், ஓர் இடுக்குகூட இல்லாமல் அந்தத் தாளை ஒட்ட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். நான் எழுதினேன். மேடமும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து வாசித்தோம். “அடுத்த வரி” என்றார். பாய் மாதிரிச் சுவர் கட்டினார். தாள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

வேலை நடக்கும்போது சந்தேகம் கேட்டால் கையேட்டைப் படித்துச் சொல்வதற்காக நான் அங்கே போய்வந்தேன். ஒருநாள் பாய் ஒரு சுவரின் சட்டங்களையெல்லாம் நிறுத்திவிட்டு, தாளை ஒட்டுவதற்கு முன்னால், காதிலிருந்த பென்சிலை எடுத்து நடுச்சட்டத்தில் தன் பெயரை எழுதினார்.

“இன்னா பாய், மூடப்போற எடத்துல எழுதறீங்க? யாரு பாக்கப் போறாங்க?”

“யாரும் பாக்க வேணாம்னுதாம்மா எழுதறது. எங்க அத்தா பழக்கம். ஒருநாள் தொறந்து பாக்கற மாதிரி ஆயிப்போச்சுன்னா, கட்னவன் யாருன்னு தேடிக்கினு இருக்கக்கூடாது பாரு.”

விடுதி திறந்தார்கள். ஒரு மழைக்காலம் போயிற்று. அடுத்த கோடை முழுக்க அறைகளில் ஏசி ஓடியது. அதற்கடுத்த மழை தொடங்கும் முன்பே போன் வந்துவிட்டது. அறைகளில் புழுக்க நாற்றம். சுவரின் அடியில் பலகை கறுத்துப் போயிருக்கிறது, விரலால் அழுத்தினால் உள்ளே போகிறது. நார்வேயிலிருந்து சுவர்க் கம்பெனிக்காரர் ஒருவர் வருகிறார், எல்லோரும் வாருங்கள், சுவரைத் திறந்து பார்த்து முடிவு செய்யலாம் என்றார்கள்.

காரில் எங்கள் ஆபீஸ் தலைவர் முன்னால் உட்கார்ந்திருந்தார். மேடமும் நானும் பின்னால். கேளம்பாக்கம் தாண்டும்போது அவர் திரும்பினார்.

“நம்ம இங்கிலீஷ் க்ளீனா இருக்குல்ல?”

“ஓம். இருக்கு” என்றார் மேடம்.

“அதை மட்டும் சொல்லிட்டு உக்காந்துடுங்க. மத்ததுல வாயை வெக்காதீங்க. பெரிய கஸ்டமர்.”

எங்கள் எழுத்து சரி என்றால், தப்பு யாருடையது? மீதி இருப்பது ஒரே ஆள்தான். பாய் எழுதியபடியே செய்தார் என்பது எனக்குத் தெரியும். என் கண்ணெதிரே செய்தார். ஆனால் அந்தச் சாலையில் வேலை கிடைப்பது பெயரால். பெரிய விடுதியின் சுவரை அழுக விட்ட தச்சன் என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால், அதன் பிறகு அவரைக் கூப்பிட்டு யாரும் ஒரு ஜன்னல்கூட மாட்டச் சொல்ல மாட்டார்கள்.

நாங்கள் போனபோது பாய் அறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். எப்போதும் என்னைக் கண்டதும் ஏதாவது கேலி பேசுகிறவர், “வாம்மா” என்றதோடு நிறுத்திக்கொண்டார். உள்ளே விடுதி மேலாளரும் நார்வேக்காரரும் இருந்தார்கள். ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

“நீங்களே தொறங்க” என்றார் மேலாளர்.

பாய் ஒவ்வொரு பலகையாகக் கழற்றினார். பின்னால் பிளாஸ்டிக் தாள். அதைக் கத்தியால் கீறியதும் தண்ணீர் கோடாக இறங்கித் தரையில் ஓடியது. உள்ளே பஞ்சு நனைந்து கனத்துத் தொங்கியது. சட்டங்கள் கறுத்துப் பூசணம் பூத்திருந்தன. நடுச்சட்டத்தில், கறுப்புக்குள்ளும் தெரிகிற மாதிரி, பென்சிலால் எழுதிய பெயர்.

மேலாளர் அதைப் பார்த்துவிட்டார். “பாத்தீங்களா? யாரு செஞ்சதுன்னு அவரே எழுதி வெச்சிருக்காரு. நமக்கு வேலை மிச்சம்” என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, “எனக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாப் போதும். ட்ரான்ஸ்லேஷன் தப்பா, தச்சு வேலை தப்பா?” என்று கேட்டார்.

எங்கள் தலைவர் மேடத்தைப் பார்த்தார். பாய் யாரையும் பார்க்கவில்லை, தரையில் ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேடம், நான் இந்தம்மா படிச்சுச் சொன்ன மாதிரிதான் ஒட்னேன். ஒரு எடத்துலகூட மாத்தல. அவ்ளோதான் எனக்குத் தெரியும்” என்றார்.

மேடம் சுவரின் அருகே போய்க் குந்தி உட்கார்ந்தார். தாளின் அறைப் பக்கத்தைத் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. கீறலுக்குள் கையை விட்டு மறுபக்கத்தைத் தடவினார். கை முழங்கைவரை நனைந்து வந்தது. அந்தக் கையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, கடலைப் பார்த்த கண்ணாடிக் கதவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கதவின் வெளிப்பக்கம் நனைந்து வழிந்துகொண்டிருந்தது.

“அக்கா, தண்ணி எந்தப் பக்கம் நிக்குது?” என்று கேட்டார்.

எங்கள் ஆபீஸ் வாசலில் செக்யூரிட்டி தினமும் துடைத்த தண்ணீர் அது. வெளியே கடல் காற்று, சூடும் ஈரமுமாக. உள்ளே ஏசிக் குளிர். வெளிக்காற்றின் ஈரம் சுவருக்குள் புகுந்து வந்து, குளிர்ந்து கிடக்கும் தாளில் பட்டதும் தண்ணீராகிவிடுகிறது. போக வழியில்லாமல் உள்ளேயே நின்று மரத்தைத் தின்கிறது. நார்வேயில் ஈரம் உள்ளிருந்து வெளியே போகும், அங்கே அந்தத் தாள் இருக்க வேண்டிய இடம் உள்பக்கம்தான். இங்கே எல்லாம் தலைகீழ். கையேட்டை எழுதியவருக்கு அவருடைய ஊரைத் தவிர வேறு ஊர் நினைவில் இல்லை.

மேடம் எழுந்து நின்றார்.

“எழுத்திலை பிழையில்லை. பாய் பிழையில்லை. அவர் எழுதினபடி கட்டியிருக்கிறார்” என்றார். “இந்தக் கையேடு குளிர் ஊருக்கு எழுதினது. இஞ்சை வெளியிலைதான் சூடு. தாள் பக்கம் மாறி நிக்குது. இந்தச் சுவர் எங்கை நிக்கப்போகுதெண்டு நான்தான் கேட்டிருக்கவேணும். இருவது வருசம் அந்தக் குளிருக்குள்ளை இருந்திட்டு வந்தனான். என்ர உடம்புக்கு வெளியெண்டால் இன்னும் குளிர்தான்.”

அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு அழுகை வந்தது. செங்கல்பட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தச் சாக்குகூடக் கிடையாது.

மேலாளருக்குப் பிடிக்கவில்லை. “அப்ப கையேடு தப்புன்னு சொல்றீங்களா? ட்ரான்ஸ்லேட் பண்ண வந்தவங்க நீங்க” என்றார். எங்கள் தலைவர், “மேடம், போதும்” என்றார். மேடம் நார்வேக்காரரிடம் திரும்பி அவருடைய மொழியில் அதையே சொன்னார். எனக்குப் பேச வராதே தவிர, புரிந்தது. ஒரு சொல்லைக்கூட மெலிதாக்கவில்லை. அந்த மனிதர் போய்த் தாளுக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தார். கதவைத் திறந்து வெளியே போய்க் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார். திரும்பி வந்து நனைந்த விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

“அதெல்லாம் இருக்கட்டும். பேரு எழுதியிருக்கறது ஒருத்தர்தானே?” என்றார் மேலாளர்.

மேடம் கையை நீட்டினார். “பாய், பென்சிலைத் தாங்கோ.”

பாய்க்குப் புரியவில்லை. எடுத்துக் கொடுத்தார். மேடம் அந்தக் கறுத்த சட்டத்தில், யூசுப் என்ற பெயருக்குக் கீழே, சிவகௌரி என்று எழுதினார். மரம் ஊறிப்போயிருந்ததால் அழுத்தி அழுத்தி எழுத வேண்டியிருந்தது. எழுதிவிட்டுப் பென்சிலை என்னிடம் கொடுத்தார். என் வேலை போய்விடும் என்று நினைத்தேன், பொய் சொல்லமாட்டேன். என் பெயரையும் எழுதினேன்.

நார்வேக்காரர் அது என்ன என்று கேட்டார். இந்தச் சுவரைக் கட்டியவர்களின் பெயர்கள் என்றார் மேடம். அவர் பாயிடம் சைகையால் ரம்பம் காட்டி, அந்த இடத்தை மட்டும் அறுத்துத் தரச் சொன்னார். அந்தத் துண்டைத் துணியில் சுற்றித் தன் பையில் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு நடந்தது சுருக்கம். தாளை இடம் மாற்றி, எல்லாச் சுவர்களையும் பாயே திருப்பிக் கட்டினார். அந்தச் சாலையில் அவர் பெயர் கெடவில்லை. இன்றைக்கும் வேலை இருக்கிறது. ஆனால் விடுதியின் முதலாளிகள் எங்கள் ஆபீசோடு உறவை முறித்துக்கொண்டார்கள். வரம்பு மீறிப் பேசியதாக மேடம் எழுதித் தர வேண்டும் என்று எங்கள் தலைவர் கேட்டார். மேடம் ராஜினாமாவைத் தந்தார். தாயார் அதற்கு முந்தின வருடமே காலமாகிவிட்டிருந்தார், இங்கே இருக்க அவருக்கு வேறு காரணம் இல்லை, நார்வேக்கே திரும்புவதென்று முடிவு செய்தார்.

கடைசி நாளில் தலைவரிடம் போய் ஒன்றே ஒன்று கேட்டாராம். எங்கள் பிரிவு எந்த வேலையைத் தொடங்குவதற்கு முன்னும் வாடிக்கையாளரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அதை எழுதிப் போடுங்கள், நான் போன பிறகு எடுத்துவிடாதீர்கள் என்று. பிரச்சினை இவ்வளவோடு போகிறதே என்று அவரும் சரி என்றிருக்கிறார். எங்களிடம் வந்தபோது, “கதிரையை மாத்தி வைக்கிற உரிமை எங்களுக்கில்லை அக்கா. ஆனால் கதவைத் தட்டிக் கேக்கலாம்” என்றார். போகிறாரே என்று எனக்குக் கோபம். அந்தக் கோபத்தில் சரியாக விடைகூடக் கொடுக்கவில்லை. பிறகு அவருடைய நாற்காலியில் என்னையே உட்காரச் சொன்னார்கள். அதில் சாய்ந்து உட்கார எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று.

போனில் பேசிய பெண்ணே, மெஷின் நன்றாகத்தான் மொழிபெயர்க்கிறது. என்னைவிட அதற்குச் சொற்கள் அதிகம் தெரியும். அதற்கு வெயிலும் தெரியாது, குளிரும் தெரியாது, அதைக் குறை சொல்லமாட்டேன். இரண்டும் தெரிந்த எங்களுக்கே உறைக்கவில்லை. கேள்விக்குப் பதில் வர நாளாகிறது என்றாய். ஆகட்டும்.

இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு, அதே நார்வே கம்பெனியின் கையேடு புதிய பதிப்பாக வந்தது. வழக்கம்போல் திறந்து படித்துக்கொண்டே போனேன். ஈரத் தாளைப் பற்றிய பகுதிக்கு முன்னால், முன்பு இல்லாத ஒரு பக்கம் இருந்தது. அதை அன்றைக்கே ஆங்கிலத்தில் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் புதுப்பட்டினம் போனேன். பட்டறையில் பாய் ஒரு கதவை இழைத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்தே மேடத்துக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன்.

“வாசிக்கட்டுமா மேடம்?”

“வாசியுங்கோ.”

ஆங்கிலத்தில் வாசித்தேன். பாய், “எனுக்கு இன்னா தெரியும் அது? தமிழ்ல சொல்லும்மா” என்றார்.

நான் திகைத்துவிட்டேன். இத்தனை வருடத்தில் ஒரு வரியைக்கூட நான் தமிழில் எழுதியது கிடையாது. தமிழில் எழுதித் தரச் சொல்லி யாரும் கேட்டதும் கிடையாது. காகிதத்தைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னேன்.

“கட்டத் தொடங்குவதற்கு முன், இந்தச் சுவர் எங்கே நிற்கப்போகிறது என்று கேளுங்கள். வெளியே சூடும் ஈரமும் உள்ள ஊர்களில், அறையைக் குளிரூட்டுவதாக இருந்தால், தாளை உள்பக்கம் ஒட்டாதீர்கள். இந்த ஊர்களுக்கு நாங்கள் முன்பு சொன்னது தவறு.”

பாய் இழைப்புளியைக் கீழே வைத்தார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். போனில் மேடத்தின் குரல் வந்தது.

“ஒருக்காத் திரும்ப வாசியுங்கோ.”

இத்தனை வருடத்துக்குப் பிறகும் என் விரல் முதல் சொல்லுக்கு ஓடியது. “எங்க மேடம் பிழை?” என்றேன்.

“பிழையில்லை அக்கா. கேக்கவேணும் போலை கிடக்கு.”

மறுபடி வாசித்தேன்.